அந்தி அடுப்பும் மறுநாள் கஞ்சியும்: தமிழக உழைப்போர் குடும்பங்களில் இராவுணவுச் சிக்கனத்தின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

தமிழகத்தின் உழைப்போர் குடும்பங்களில் நாளின் முதன்மையான சமையல் அந்தியில் நிகழ்ந்தது. அந்த ஒரு சமையலே இராவுணவாகவும் மறுநாள் காலையுணவாகவும் பல வீடுகளில் நண்பகல் உணவாகவும் அமைந்தது. 'பழைய காலத்துச் சிக்கனச் சமையல்' என்று இன்று பேசப்படுவதைப் பண்டங்களின் பட்டியலாகவும் செய்முறைகளின் தொகுப்பாகவும் காணும் போக்கு மிகுந்துள்ளது. அச்சிக்கனம் செய்முறையைக் காட்டிலும் அடுப்பேற்றும் நேரத்திலும், கூலி அளந்த முறையிலும், பெண்களின் உழைப்பிலும், அவர்கள் தம் பங்கைக் குறைத்துக்கொண்டதிலும் நிலைகொண்டிருந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. சங்க இலக்கியச் சித்திரிப்புகள், சோழர்காலக் கல்வெட்டு வழக்கு, இருபதாம் நூற்றாண்டின் ஊராய்வுகள், உணவாய்வுகள், தன்வரலாற்று எழுத்து, அரசின் உணவுக் கொள்கை ஆகியன இங்குச் சான்றுகளாகின்றன.

திறவுச்சொற்கள்: இராவுணவு, பழையசோறு, சிறுதானியம், தானியக்கூலி, சிக்கனம், பங்கீடு.

முன்னுரை

உணவு வரலாற்றுக்குரிய சான்றுகளில் ஒரு சமமின்மை உண்டு. கோயில் மடைப்பள்ளியின் அளவுகள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. குடிசையின் சட்டியில் என்ன வெந்தது என்பதற்கு அத்தகைய பதிவு இல்லை. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெருவுடையார் கோயில் கல்வெட்டுகள் திருவமுதுக்கான அரிசி, பருப்பு, நெய், தயிர், உப்பு, விறகு ஆகியவற்றை அளவுடன் குறிக்கின்றன. நெல்லை அரிசியாக்கும் விகிதமும் 'ஐந்திரண்டு வண்ணம்' என்னும் வழக்கால் குறிக்கப்பட்டது. ஐந்து நாழி நெல்லுக்கு இரண்டு நாழி அரிசி என்பது அதன் பொருள். ஒருவேளை அமுதுக்கு எவ்வளவு நெல் வேண்டும் என்னும் திட்டமிடல் இவ்வாறு ஆவணமாயிற்று.

இல்லங்களிலும் இதே கணக்கு நாள்தோறும் நிகழ்ந்தது. அதைச் செய்தவர் பெண்கள். அதன் கருவிகள் ஆழாக்கும் உழக்கும் படியும். அதன் காலம் பொழுது சாயும் வேளை. எழுதப்படாத இக்கணக்கை இலக்கியம், சொல்வழக்கு, ஆய்வறிக்கைகள் ஆகியவற்றைச் சேர்த்துப் படிப்பதன் வழியே மீட்க இயலும்.

இலக்கியத்தில் எளியோர் அடுப்பு

சங்கப் பாட்டுகள் விருந்தை மட்டும் பேசுவன அல்ல. சிறுபாணாற்றுப்படை ஒரு பாணர் வீட்டைக் காட்டுகிறது. குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளிவந்து, உப்பும் இல்லாமல் வேகவைத்து, பிறர் கண்டால் நாணம் என்று கதவை அடைத்துக்கொண்டு, பெரிய சுற்றத்துடன் அவ்வீட்டார் உண்கின்றனர். விலையில்லாக் கீரை, வாங்க இயலாத உப்பு, பகிர்ந்தே தீரவேண்டிய சுற்றம், வெளியில் தெரியக்கூடாத வறுமை ஆகிய நான்கும் இச்சித்திரத்தில் ஒருசேர அமைகின்றன. சிக்கனம் என்று பிற்காலத்தார் போற்றும் பண்பு, அதனை வாழ்ந்தவர்க்கு நாணத்துக்குரியதாகவும் இருந்தது என்பதற்கு இது பழமையான சான்று.

பெரும்பாணாற்றுப்படை நிலந்தோறும் மாறும் உணவைக் காட்டுகிறது. முல்லை நில மக்களின் உணவாக அது கூறும் வரகுச் சோறும் அவரைப் புழுக்கும் தானியத்தையும் பருப்பையும் இணைத்த உணவாகும். ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, புல்வேளூரில் பூதன் என்பான் இட்ட வரகரிசிச் சோற்றையும் கத்தரிக்காயையும் புளித்த மோரையும் புகழ்கிறது. எளிய பண்டங்கள் மூன்றும் ஒன்றையொன்று நிறைவுசெய்யும் அமைப்பு இங்கும் காணத்தக்கது.

இவ்விடத்தில் காலவரிசை பற்றிய எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. இன்று 'பாட்டி காலத்துச் சமையல்' எனப்படுவனவற்றில் பெரும்பாலானவை மிளகாய் இன்றி நடவாதவை. மிளகாயோ போர்த்துகீசியர் வருகைக்குப் பின்னரே இந்நிலத்தை அடைந்தது. தக்காளியும் உருளைக்கிழங்கும் அவ்வாறே அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்காலத்தில் வந்தவை. வரகும் தினையும் கீரையும் புளியும் மோரும் மிகப் பழமையானவை. ஆகவே பழஞ்செய்முறை என்பது பல நூற்றாண்டுகளின் அடுக்குகள் கொண்டது. பண்டங்கள் மாறியபோதும் அவற்றை அடுக்கிய முறை தொடர்ந்தது.

அந்தியில் அடுப்பு எரிந்தமைக்குக் காரணம்

உழைப்போர் வீட்டில் அடுப்பு அந்தியில் எரிந்தமைக்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, ஆணும் பெண்ணும் விடியற்காலையில் வயலுக்குச் சென்றமையால் பகலில் சமைப்பதற்கு ஆள் இல்லை. இரண்டாவது, விறகும் சுள்ளியும் வறட்டியும் தேடிச் சேர்க்கவேண்டியவை. ஒருமுறை மூட்டும் தீயில் ஒருநாள் உணவை முடிப்பது எரிபொருளை மிச்சப்படுத்தியது. மூன்றாவது, கூலி தானியமாகப் பொழுது சாய்கையில் அளக்கப்பட்டது. அன்று அளந்த நெல்லையோ கம்பையோ வீட்டுக்குக் கொண்டுவந்து, குத்திப் புடைத்து, அன்றிரவே உலையிலிட்ட குடும்பங்கள் பல.

மூன்றாவது காரணம் தனிக் கவனத்துக்குரியது. 8 ஆழாக்கு 1 படி என்பது பரவலான வாய்பாடு. ஐந்திரண்டு விகிதத்தை இதற்குப் பொருத்தினால், அரைப்படி நெல்லிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை ஆழாக்கு அரிசி கிடைக்கும். அது உழைக்கும் ஒருவரின் ஒருவேளைச் சோற்றுக்கு நிகரானது. களத்தில் அளக்கும் கூலி அரைப்படி கூடுவதும் குறைவதும், அன்றிரவு வீட்டில் ஒருவர் உண்பதா, காலையில் தண்ணீர் ஊற்ற ஏதேனும் எஞ்சுமா என்பதைத் தீர்மானித்தன. தஞ்சை வட்டாரத்தில் கூலி நெல்லின் அளவு நெடிய போராட்டத்துக்கு உரியதானதை இப்பின்னணியிலேயே புரிந்துகொள்ள இயலும். கூலி உயர்வு கோரிய போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். மரக்காலின் விளிம்பும் சோற்றுப்பானையின் விளிம்பும் ஒரே வரலாற்றின் இரு முனைகளாக இருந்தன.

ஒரு சமையல், மூன்று வேளை

அந்திச் சமையலின் உட்கட்டமைப்பைத் தானியவாரியாக நோக்கலாம். சேலம், தருமபுரி, வடஆர்க்காடு வட்டாரங்களில் கேழ்வரகுக் களி முதன்மை பெற்றது. கொதிக்கும் உலையில் சிறிது நொய்யை வேகவிட்டு, அதன்மேல் மாவைக் கொட்டி, வெந்தபின் துடுப்பால் கிண்டி உருட்டினர். இரவில் களி, எஞ்சியது தண்ணீரில் கிடந்து மறுநாள் மோரிலோ நீரிலோ கரைக்கப்பட்டுக் கூழ் ஆயிற்று. கொங்குநாட்டிலும் தென்மாவட்டக் கரிசல் நிலத்திலும் கம்பும் சோளமும் அவ்விடத்தைப் பெற்றன. கம்பை நீர் தெளித்து உரலில் இடித்து உமி நீக்கி, மீண்டும் இடித்துச் சோறாக்கினர். மிஞ்சிய கம்பஞ்சோற்றை உருண்டைகளாகப் பிடித்து நீரில் இட்டுவைத்து மறுநாள் கரைத்துக் குடித்தனர். காவிரிப் படுகையில் அரிசிச்சோறு தண்ணீர் ஊற்றப்பட்டுப் பழையசோறாயிற்று. ஊறிய நீர் நீராகாரம் எனப்பட்டது. இரவு முழுவதும் ஊறுகையில் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் பெருகிப் புளிப்பேறுவதால், குளிர்பதன வசதி இல்லாத வெப்ப நாட்டிலும் சோறு காலைவரை உண்ணத்தக்கதாக இருந்தது.

சொல்வழக்கும் இவ்வரலாற்றைக் காட்டுகிறது. கரிசல் நிலத்தில் அரிசியால் ஆனதை 'நெல்லுச்சோறு' என்று அடைமொழியுடன் வழங்கினர். கம்பஞ்சோறு, சோளச்சோறு, வரகுச்சோறு என்பன போன்றே அதுவும் ஒருவகைச் சோறு. விழா நாட்களில் கிடைப்பது. 'சோறு' என்ற தனிச்சொல் அரிசியை மட்டும் குறிக்கும் நிலை பின்னரே பொதுவாயிற்று.

தானியத்தைச் சுற்றி அமைந்த துணைப்பண்டங்களும் நேரக்கணக்குடன் அமைந்தவை. புளி கரைத்த குழம்பு மறுநாள்வரை கெடாது. அதனைச் சுண்டவைத்தால் பழையசோற்றுக்கு அதுவே தொடுகறி. பருப்பு வேகவைத்த நீர் இரசமாயிற்று. வடித்த கஞ்சி உப்பிட்டுக் குடிக்கப்பட்டது. அரிசி கழுவிய நீர் மாட்டுக்குரிய கழுநீர்ப்பானைக்குச் சென்றது. கோடையில் மலிந்த கொத்தவரை, சுண்டை, கத்தரி, மாங்காய் ஆகியவை வற்றலாகி மழைக்காலத்து இராவுணவுக்கு உதவின. கடலோரத்திலும் சந்தைகளை ஒட்டிய ஊர்களிலும் கருவாடு அதே பணியைச் செய்தது. ஒரு துண்டுக் கருவாட்டின் உப்பும் மணமும் ஒரு குடும்பத்தின் களிக்குப் போதுமானதாயிற்று. உலையில் இடும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் இடும் வழக்கம், ஒவ்வொரு சமையலிலிருந்தும் எதிர்காலத்துக்கென ஒரு சிறு பங்கை ஒதுக்கியது.

இரவில் கீரையும் தயிரும் இஞ்சியும் ஆகாது என்னும் மரபு விதியும் இங்கு ஆராயத்தக்கது. நண்பகலிலும் சமைக்கும் வீட்டுக்கே இவ்விதி பொருந்தும். பகலில் அடுப்பெரியாத வீட்டில், வரப்பில் பறித்த பண்ணைக்கீரையும் வேலியோர முருங்கைக்கீரையும் இராச் சட்டியில்தான் வேக இயலும். உணவு விதிகள் யாருடைய அடுப்பை முன்வைத்து உருவாயின என்னும் வினாவை இது எழுப்புகிறது.

சிக்கனத்தின் விலை

ஓர் அடுப்பேற்றத்தில் மூன்று வேளை என்பது விறகை மிச்சப்படுத்தியது; பெண்ணின் உழைப்பை மிச்சப்படுத்தவில்லை. வரகின் பல அடுக்கு உமியை நீக்கத் திரிகையும் உரலும் தேவைப்பட்டன. கம்பு இடிப்பது நெல் குத்துவதினும் கடினமானது. வயலிலிருந்து திரும்பிய பெண் தண்ணீர் எடுத்து, தானியம் குத்தி, அடுப்பூதி முடிக்கையில் குழந்தைகள் உறங்கியிருப்பதும் உண்டு. சிறுதானிய உணவு கைவிடப்பட்டதைச் சுவைமாற்றமாகவும் நாகரிக மோகமாகவும் மட்டும் விளக்குவோர் இவ்வுழைப்பைக் கணக்கில் கொள்வதில்லை.

பங்கீட்டின் வரிசையும் சிக்கனத்தின் பகுதியே. முதலில் ஆடவர், பின் குழந்தைகள், இறுதியில் சமைத்தவள் என்ற வரிசையில், சட்டியில் குறைவு நேர்ந்தால் அக்குறைவு இறுதியில் உண்பவளையே சேர்ந்தது. குழம்பில் நீர் சேர்ப்பதும் 'பசியில்லை' என்று சொல்லி எழுவதும் 'ஒருபொழுது' நோன்பும் புறத்தே வெவ்வேறானவை. அளவுக் கணக்கில் அவை ஒரே பணியைச் செய்தன. சிக்கனமான இராவுணவு 'அனைவர்க்கும் போதுமானதாக' இருந்தது என்னும் நினைவு, பெரும்பாலும் முதலில் உண்டவர்களின் நினைவாகும்.

பழையசோறு என்னும் சொல்லுக்கும் இருவேறு சமூகப் பொருள்கள் இருந்தன. தன் வீட்டில் திட்டமிட்டு மிச்சம்வைத்தது ஒன்று. பிறர் வீட்டு எச்சமாகப் பெற்றது மற்றொன்று. 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு', வேலைசெய்த ஆதிக்கச் சாதியார் வீட்டில், ஏனத்தில் படாமல் ஊற்றப்பட்ட பழைய சோற்றைப் பாட்டி வீட்டுக்குக் கொண்டுவந்ததைப் பதிவுசெய்கிறது. ஒரே உணவு ஓரிடத்தில் இல்லத்தரசியின் திட்டமாகவும் மற்றோரிடத்தில் தீண்டாமையின் அடையாளமாகவும் இருந்துள்ளது. இவ்வேறுபாட்டை நீக்கிவிட்டுப் பழையசோற்றின் பெருமையை மட்டும் எழுதுவது வரலாறாகாது.

ஆய்வாளர் கண்ட உணவு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வாழ்க்கை ஆய்வுக்குரியதாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் சுலேட்டர், மாணவர்களைக் கொண்டு ஊர்களை ஆராய்ந்து 1918இல் 'சில தென்னிந்திய ஊர்கள்' என்னும் நூலை வெளியிட்டார். இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் முதலிய ஊர்களின் நிலவுடைமை, கூலி, விலை ஆகியவை அதில் பதிவாயின. பி.ஜே. தாமசும் கே.சி. இராமகிருட்டிணனும் மேற்கொண்ட மறு ஆய்வு 1940இல் நூலாயிற்று. கூலியைத் தானியமாகக் காணும் இவ்வாய்வுகள், இராச்சட்டியின் கொள்ளளவை அறிவதற்கு மறைமுகச் சான்றுகளாகின்றன.

குன்னூரில் இராபர்ட் மெக்காரிசனும் அவருக்குப் பின் டபிள்யூ.ஆர். அய்க்ராய்டும் நடத்திய உணவாய்வுகள் இதன் மற்றொரு பக்கத்தைக் காட்டின. எலிகளுக்கு இந்தியாவின் பல்வேறு பகுதி உணவுகளைக் கொடுத்து மெக்காரிசன் நடத்திய ஒப்பீட்டில், அரிசியை மிகுதியாகக் கொண்ட சென்னை மாகாண உணவு வளர்ச்சிக்குப் போதாததாகக் காணப்பட்டது. தெலுங்குக் கடலோர மாவட்டங்களில், தீட்டிய பச்சரிசி உண்டோரிடையே பெரிபெரி நோய் பரவியிருக்க, புழுங்கலரிசி வழங்கிய தமிழ்ப்பகுதியில் அது அரிதாக இருந்தது. நெல்லை அவிக்கும்போது தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியின் உட்பகுதிக்குள் செல்வதால், தீட்டிய பின்னரும் பெரும்பகுதி எஞ்சுகிறது என்று இவ்வேறுபாடு விளக்கப்பட்டது. கஞ்சியை வடித்துக் கொட்டாமல் குடித்ததும் நீராகாரத்தைச் சோற்றுடன் உண்டதும் கரைந்துபோகும் சத்தை வீட்டுக்குள்ளேயே நிறுத்திய வழக்கங்கள் எனலாம். 100 கிராமில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்துக் கொண்ட கேழ்வரகு, பால் வாங்க இயலாத வீட்டுக்கு அச்சத்தை அளித்தது.

எனினும் இவ்வாய்வுகளின் மைய முடிவு வறுமை பற்றியது. செய்முறை எவ்வளவு நுட்பமானதாயினும், பருப்பும் பாலும் கீரையும் போதிய அளவு சேராத உணவு உடலைப் பேணாது. சிக்கனம் இருப்பதை வீணாக்காமல் காத்தது. இல்லாததை உண்டாக்க அதனால் இயலவில்லை.

பங்கீட்டுக் காலமும் இராவுணவும்

1942இல் பர்மா சப்பானியர் வசமானபின், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. போர்க்காலப் பங்கீட்டு முறை, இல்லத்தரசியின் உழக்குக் கணக்கை அரசின் அட்டைக் கணக்குடன் பிணைத்தது. 1952 சூனில் முதலமைச்சர் இராசாசி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கும்வரை இந்நிலை பல வடிவங்களில் நீடித்தது. இக்காலத்தின் இறுதியில், 1951இல், எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வெளிவந்தது. வாய்மொழியாகவும் கையளவாகவும் இருந்த செய்முறை அச்சில் திட்ட அளவுகளைப் பெற்றது. அந்நூல் காட்டும் அடுக்களை பிராமணக் குடும்பத்தினது. களியும் கம்பஞ்சோறும் மையமான அடுப்புக்கு அதையொத்த அச்சு வாழ்வு வாய்க்கவில்லை. இன்று 'பழஞ்செய்முறை' என்று எளிதில் கிடைப்பது எவருடைய பழமை என்பதை இது ஓரளவு தீர்மானித்தது.

1965இல் பிரதமர் லால் பகதூர் சாசுதிரி, உணவுத் தட்டுப்பாட்டை எதிர்கொள்ள வாரத்தில் ஒருவேளை உணவைத் தவிர்க்குமாறு நாட்டு மக்களை வேண்டினார். திங்கட்கிழமை மாலைகளில் உணவகங்கள் மூடப்பட்டன. மும்முறை உண்ணும் வீட்டில் இது ஒரு வேளையின் தியாகம். அந்தியில் மட்டும் உலையேற்றும் வீட்டில் இரவுச் சமையலைத் தவிர்த்தால் மறுநாள் காலையும் பட்டினியாகும். ஒரே வேண்டுகோள் இருவகை அடுப்புகளில் இருவேறு பொருள் கொண்டது என்பது, நாள் முழுவதையும் ஒரு சமையலில் அடக்கிய வாழ்க்கை தேசியச் சிக்கனப் பேச்சில் இடம்பெறாமையைக் காட்டுகிறது.

தமிழக அரசியலோ விரைவில் படியின் மொழியைப் பேசியது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது 1967 தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் வாக்குறுதி. ஆட்சிக்கு வந்தபின் முதலில் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி வழங்கப்பட்டது. காமராசர் காலத்தில் 1956இல் பள்ளிகளில் விரிவாக்கம் பெற்ற மதிய உணவும், எம்.ஜி. இராமச்சந்திரன் 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டமும், இராச்சட்டியின் எச்சத்தை நம்பியிருந்த குழந்தையின் நண்பகலைத் தனிவேளையாக்கின. 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும் 2011 முதல் விலையின்றியும் பொது வழங்கலில் அரிசி கிடைத்தபோது, 'நெல்லுச்சோறு' விழாவுணவு என்னும் நிலை முற்றிலும் மறைந்தது. கூலி பணமாயிற்று, அரவை ஆலைகள் வந்தன, எரிவாயு அடுப்பு பரவியது. அந்தியில் ஒருமுறை என்னும் அமைப்பைத் தாங்கிய காரணங்கள் ஒவ்வொன்றாக விலகின.

முடிவுரை

இராவுணவுச் சிக்கனம் என்பது தமிழக உழைப்போர் வாழ்வில் காலத்தைப் பகுத்த ஒரு முறை. தானியக்கூலியும் விறகுத் தட்டுப்பாடும் பகலுழைப்பும் அதனை உருவாக்கின; புளிப்பேற்றலும் வற்றலும் கஞ்சியும் அதற்கு நுட்பம் அளித்தன; பெண்ணின் உழைப்பும் குறைத்துக்கொண்ட பங்கும் அதன் பற்றாக்குறையை ஈடுசெய்தன. இம்மூன்றில் நடுவிலுள்ள நுட்பம் மட்டுமே இன்று மரபு என்று மீட்கப்படுகிறது.

அந்நுட்பம் மீட்கத்தக்கதே. கஞ்சியைக் கொட்டாமை, தானியத்தைப் பருப்புடனும் கீரையுடனும் சேர்த்தல், பருவத்தில் மலிந்ததை உலர்த்திவைத்தல், இன்றைய சமையலில் நாளைய வேளையையும் எண்ணல் ஆகியவை எக்குடும்பத்துக்கும் பயன்படும் அறிவு. அவற்றை மீட்கும் ஆய்வு, செய்முறையுடன் அளவையும், அளவுடன் உண்ணும் வரிசையையும் சேர்த்துப் பதிவுசெய்ய வேண்டும். பழஞ்சமையல் குறித்துக் களஆய்வு செய்வோர் 'என்ன சமைத்தீர்கள்' என்பதோடு நில்லாமல், 'எப்போது அடுப்பேற்றினீர்கள், யார் குத்தினார்கள், யார் கடைசியில் உண்டார்கள், அவர்க்கு எஞ்சியது எவ்வளவு' என்றும் வினவுவது இன்றியமையாதது. கம்பு இடித்தும் களி கிண்டியும் வாழ்ந்த தலைமுறைப் பெண்கள் இன்னும் சிலர் உள்ளனர். எழுதப்படாத அக்கணக்கை அவர்களிடமிருந்தே பெறவேண்டும். அதற்குரிய காலம் குறுகியது.